தவளை அளித்த சான்று

அரளி, சிவ வழிபாட்டுக்கு உரிய மலர். ஆவுடையார்கோவிலில் பிறந்த எனக்கு அம்மலர் இளமை முதலே பழக்கம். அதனைக் கொய்து வந்தால், கை கழுவிய பின்னரே உணவில் கை வைக்க விடுவார் என் பாட்டியார். அதே பாட்டியார் முதுமையில் இருதய நோய்க்காகக் கால் மில்லிகிராம் டைஜாக்சின் மாத்திரை உண்டு வந்தார். அரளியின் நஞ்சும் அம்மருந்தும் ஏறக்குறைய ஓர் இனத்தவை என்பதைப் பின்னாளில் படித்தறிந்து வியந்தேன். இரண்டும் இருதயத் துடிப்பை மாற்றுவன. அளவு மிஞ்சின் உயிரைக் கவர்வன.

இவ்வினத்து நஞ்சினை இறந்தவர் உடலில் கண்டறிவது முற்காலத்தில் அரிதாயிருந்தது. 1863-ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் ஒரு கைம்பெண் திடீரென இறந்தார். அவர்மீது பெருந்தொகைக்கு ஆயுள் காப்பீடு செய்வித்திருந்த லா பொம்மரே என்னும் மருத்துவர்மேல் ஐயம் எழுந்தது. டிஜிடாலிஸ் செடியிலிருந்து எடுக்கப்படும் டிஜிடாலின் என்னும் மருந்தே நஞ்சாயிற்று எனக் கருதினர். அதனைக் காட்டவல்ல நம்பகமான இரசாயனச் சோதனை அன்று இல்லை. தார்தியூ என்னும் பேராசிரியர் மூன்று தவளைகளை எடுத்துக்கொண்டார். ஒன்றினை வாளா விட்டார். மற்றொன்றுக்கு டிஜிடாலினைச் செலுத்தினார். மூன்றாவதற்கு, அப்பெண் வாந்தியெடுத்த தரையிலிருந்து சுரண்டி வடித்த சாற்றைச் செலுத்தினார். பின்னிரண்டின் இருதயங்களும் ஒரே வகையாகத் தடுமாறி நின்றன. ஒன்றும் செய்யாது விடப்பட்ட அந்த முதல் தவளையிலேதான் பேராசிரியரின் நுண்ணறிவு விளங்குகிறது என்பது என் எண்ணம். மருத்துவர் 1864-இல் தூக்கிலன்று, கில்லட்டின் என்னும் வெட்டுப்பொறியில் உயிர் துறந்தார்.

நம் சென்னையிலும் 1849-ஆம் ஆண்டிலேயே அரசாங்க இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு வித்து அதுவே.

இன்று தவளைக்கு வேலையில்லை. ஒரு மில்லிலிட்டர் குருதியில் கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு டைஜாக்சின் இருப்பினும் கருவிகள் காட்டிவிடும். ஆனால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. டைஜாக்சினை அளக்கும் சில சோதனைகள் பொன்னரளியின் நஞ்சையும் டைஜாக்சின் என்றே காட்டும். மேலும், மூச்சு நின்றபின் இருதயத் தசையில் தங்கிய மருந்து அருகிலுள்ள குருதியில் கசிந்து அதன் அளவை உயர்த்தும். முறையாக மருந்துண்டு இயற்கையாக இறந்த முதியவரும் நஞ்சுண்டவர்போல் தோன்றக்கூடும். நாள்தோறும் மாத்திரை எடுத்துக் கொடுத்த மருமகள்மேல் கொலைப்பழி விழக்கூடும். ஆதலின் தேர்ந்த ஆய்வாளர் இருதயக் குருதியை மட்டும் நம்பார். தொடையின் குருதிக் குழாயிலிருந்தும் கண்ணின் உள்நீரிலிருந்தும் மாதிரி கேட்பார்; மருத்துவர் எழுதிய சீட்டையும், வீட்டில் எஞ்சிய மாத்திரைகளின் எண்ணிக்கையையும் கேட்பார்.