வரைபடத்தில் இல்லாத பசி

முற்றுகையைக் காட்டும் படமொன்றில் நாம் முதலில் தேடுவது பீரங்கியையும் புகையையும் கொடியையும்தான். ஜாக் கலோ 1628இல் முடித்த 'பிரெடா முற்றுகை' என்னும் செப்புத்தகட்டு ஓவியத்தை நானும் அவ்வாறே பார்க்கத் தொடங்கினேன். ஆறு தகடுகளில் செதுக்கப்பட்ட அதன் தாள்களை ஒட்டிச் சேர்த்தால் ஒரு மேசையை மூடிவிடும்.

ஒல்லாந்தர் வசமிருந்த பிரெடா நகரை ஸ்பானியத் தளபதி ஸ்பினோலா 1624 ஓகஸ்டில் வளைத்துக்கொண்டார். மதில்களை உடைத்து நுழைவது அவரது திட்டமன்று. நகரை நோக்கி ஒரு அரண்வரிசை, உதவிக்கு வருவோரைத் தடுக்க வெளிநோக்கி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே அவரது படை காத்திருந்தது. 1625 ஜூனில் நகரம் பணிந்தது. பணியவைத்தது பசி. வெற்றியைப் படமாக்கும்படி கலோவைப் பணித்தவர் ஸ்பானிய நெதர்லாந்தை ஆண்ட இளவரசி இசபெல்லா.

குறியீடு என்றதும் சிங்கத்தையும் கழுகையும் தேடவேண்டியதில்லை. இங்கே பார்வைக்கோணமே குறியீடு. படத்தின் மேற்பகுதி வானிலிருந்து நோக்கும் நிலப்படம். கீழே வரவர அது சாய்ந்து, மனிதரும் குதிரைகளும் நடமாடும் தரைக்காட்சியாகிறது. வெவ்வேறு நாள்களில் நடந்தவை ஒரே தாளில் ஒரே வேளையில் நிகழ்கின்றன. எல்லாவற்றையும் எக்காலத்தையும் ஒருங்கே காண்பது அரசின் கண் என்பதே இதன் பொருள். கீழோரத்தில் அமர்ந்து வரைபவர் கலோவேதான் என்பர். அவர் இருப்பது முற்றுகையிட்டோர் பக்கத்தில்.

போரை முடித்துவைத்த பசியை இப்படத்தில் எங்கே காண்பது? நகரம் நடுவே சிறியதொரு கோட்டுருவாய்க் கிடக்கிறது. ஒன்பது மாதங்களுக்கு மேல் அதற்குள் அடைபட்டிருந்தோருக்கு அங்கே முகமில்லை. கோடுகள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு முழுமையான மௌனம்.

இதை எழுதும் எனக்கும் அதில் பங்குண்டு. போர்க்காலத்தில் ஆசிரியபீட மேசைக்கு வந்த வரைபடங்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான். அம்புக்குறிகள் சரியான திசையைக் காட்டுகின்றனவா என்று பார்த்தேன். அம்பு சென்று முட்டிய ஊரின் பெயர் பிழையின்றி இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த ஊரில் அன்று எவர் வீட்டில் உலை கொதித்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்கு வரைபடத்தில் குறியேது?

கலோ பின்னர் பிரெஞ்சு மன்னருக்காகவும் முற்றுகைகளை வரைந்தார். ஆனால் 1633இல் அவர் வெளியிட்ட 'போரின் பெருந்துயரங்கள்' வரிசையின் 18 சிறு படங்களில் அந்த வானத்துக் கண் இல்லை. கொள்ளையிடப்படும் வீடும், மரத்தில் தொங்கும் உடல்களும், வீதியோரத்தில் சாகும் சிப்பாய்களும் தரைமட்டத்தில் நிற்கும் ஒருவனுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கின்றன. உள்ளங்கையளவு படங்கள்தாம் அவை. 1635இல் அவர் இறந்தார். 1637இல் ஒல்லாந்தர் பிரெடாவை மீட்டுக்கொண்டார்.

வெற்றியின் பெரும்படம் பழசாக ஒன்பது ஆண்டுகள் போதுமாயிருந்தன. அந்தச் சிறு படங்களைப் பார்க்கும்போது இன்றும் வயிறு கலங்குகிறது.