குழல்வாயை நெரித்தது யார்?

நாற்பது கஜத்துக்கு அப்பால் நட்டிருந்த அட்டையில் ஒரு வான்கோழித் தலை. சுட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் ஓட்டை, தலையில் இரண்டே இரண்டு. மிசௌரியில் வசந்தகால வேட்டை தொடங்கப் பத்து நாள்கூட இல்லை.

துப்பாக்கி 12 போர். தோட்டாவில் 5ஆம் எண் ஈய ரவை, ஏறக்குறைய முந்நூறு. உப்புமா ரவை அல்ல, ஒவ்வொன்றும் 3 மி.மீ. வான்கோழியை உடம்பில் சுட்டால் இறகும் சதையும் தாங்கிக்கொள்ளும். அடிபட்ட பறவை புதருக்குள் ஓடிப்போய்ச் சாகும். குறி தலையும் கழுத்தும்தான். ரவை கொத்தாகப் போகவேண்டும். அதற்காகக் குழல்வாயில் திருகி மாட்டும் குறுகலான குழாய்க்குப் பெயர் 'சோக்'. தொண்டையை நெரிப்பது என்று பொருள். என் குழலின் உள்விட்டம் 18.5 மி.மீ. நான் வாங்கி மாட்டியது 16.3. எவ்வளவு நெரிக்கிறோமோ அவ்வளவு கொத்து என்பது என் கணக்கு.

கூட வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "கிம்பிளுக்கும் இதேதான் நடந்தது."

யார் அந்தக் கிம்பிள்? அன்று ராத்திரி தேட உட்கார்ந்தவன், சோக்கைக் கண்டுபிடித்தது யார் என்ற பழைய வழக்கில் போய் மாட்டிக்கொண்டேன்.

காகிதத்தைக் கேட்டால் இங்கிலாந்து. நியூகாசில் துப்பாக்கிக்காரர் பேப், 1866இல் வாங்கிய காப்புரிமையில் குழல்வாயைக் குறுக்குவதைச் சொல்லியிருக்கிறார். 1868இல் அமெரிக்கர் சில்வெஸ்டர் ரோப்பர், குழல் நுனியில் கழற்றி மாட்டும் சோக்குக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நான் திருகும் குழாய்க்கு அவர்தான் பாட்டனார். (நீராவி சைக்கிள் செய்தவரும் அவரே. 1896இல், எழுபது கடந்த வயதில், அதை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார்.) ஊரறியச் செய்தது பர்மிங்ஹாமின் கிரீனர், 1875 லண்டன் சோதனைகளில் சோக் குழல்கள் ஜெயித்தபின் சந்தேகம் பேசியவர்கள் அடங்கினார்கள்.

பிரெட் கிம்பிளிடம் காகிதம் இல்லை. இல்லினாயில் வாத்து சுட்டுப் பிழைத்த மனிதர். அவர் சொன்ன கதை இது: ஒரு குழலின் வாயைக் குறுகலாக விட்டுக் கடைந்தார், ரவை முன்னைவிட மோசமாகச் சிதறியது. சரி, வேலைக்கு ஆகாது என்று குறுகலைக் கடைந்து எடுக்கத் தொடங்கினார். முழுக்க எடுக்குமுன் ஒருமுறை சுட்டுப் பார்த்தார். அத்தனையும் ஒரே கொத்து.

முதலிடம் யாருக்கென்று கேட்டால் பேப்புக்குத்தான் கொடுப்பேன். ஆனால் எனக்கு உதவியது கிம்பிள். மெத்தென்ற ஈயம் அளவுக்கு மீறி நெருக்கினால் நசுங்குகிறது. நசுங்கிய ரவை நேராகப் பறப்பதில்லை. டங்ஸ்டன் ரவை நசுங்காது. ஈயத்தைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி என்பதால் 2 மி.மீ. பொடி ரவையே போதும். விலையைக் கேட்டதும் ஈயத்துக்கே திரும்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை 16.9 மி.மீ. குழாய். அதே தோட்டா, அதே நாற்பது கஜம். அட்டையில் பத்து அங்குல வட்டம் போட்டு, பெரியவர் பென்சிலால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு. தலையிலும் கழுத்திலும் மட்டும் பதினாறு.