கீதரோன் என்னும் எல்லை

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 2:36-46



சீமேயியைக் குறித்து நாம் அதிகமாய்த் தியானிப்பதில்லை. அப்சலோமுக்குத் தப்பியோடிய தாவீதின்மேல் கல்லெறிந்து தூஷித்தவன் அவன். சாலொமோன் அவனை உடனே கொன்றுபோடாமல், அவனுக்கு ஓர் எல்லையை வகுத்தான். எருசலேமில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். அங்கிருந்து எங்கும் வெளியே போகலாகாது. கீதரோனைக் கடந்தால் மரணம். சீமேயி அதை நல்லதென்று ஏற்று, ஆணையும் இட்டான்.

மூன்று வருஷங்கள் சென்றபின் அவனுடைய வேலைக்காரர் இருவர் காத் ஊருக்கு ஓடிப்போனார்கள். அவன் கழுதையின்மேல் சேணம் வைத்துப் புறப்பட்டு, அவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பினான். கலகம் செய்ய அவன் போகவில்லை. தனக்குரியதை மீட்கவே போனான். காத் மேற்கே உள்ளது. கீதரோனோ நகரத்திற்குக் கிழக்கே. "ஆற்றை நான் கடக்கவில்லையே" என்றுகூட அவன் உள்ளம் அவனைத் தேற்றியிருக்கலாம். ஆனால் கட்டளையோ எங்கும் போகலாகாது என்பதாயிருந்தது. அவன் மாண்டான்.

இப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என் ஊழியத்தின் ஒரு ஜூன் மாதம் நினைவுக்கு வருகிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு அன்றே கடைசி நாள். என் கையில் பணமில்லை. ஆலயக் கட்டடக் காணிக்கை, வங்கியில் செலுத்தப்படாமல் என் அலமாரியில் இருந்தது. எடுத்தேன். மூன்று வாரங்களில் ஒரு ரூபாயும் குறையாமல் திரும்ப வைத்தேன். ஒருவரும் அறியவில்லை. ஆயினும் அடுத்த ஞாயிறு காணிக்கைத் தட்டுக்கு முன் நின்று ஜெபிக்க வாய் திறந்தபோது, என் நாவு எழவில்லை.

அந்த வாரமே சபைக் கமிட்டியைக் கூட்டி அறிக்கையிட்டேன். கடிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். மூத்தவர் ஒருவர் மெதுவாய், "ஐயா, பணம் வந்துவிட்டது. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். கடிந்துகொண்டிருந்தால் தாங்கியிருப்பேன், இதைத் தாங்க முடியவில்லை. அன்றுமுதல் காணிக்கையை இருவர் எண்ணி, மறுநாளே வங்கியில் செலுத்துகிறார்கள். அந்த வேலி முதலில் என்னை வருத்தியது; இன்று அதன் நிழலில் நிம்மதியாய் உறங்குகிறேன்.

அவர் சொன்ன அந்த வார்த்தையோடு சீமேயியை மறுபடியும் வாசித்தேன். ராஜா இருந்ததும் அதே எருசலேமில்தான். கழுதைக்குச் சேணம் வைக்குமுன் அவன் ராஜாவினிடத்தில் போய்க் கேட்டதாக வேதம் சொல்லவில்லை. நம் மீறுதல்களும் பெரும்பாலும் இப்படியே தொடங்குகின்றன. தேவனை நாம் பகைப்பதில்லை. கேட்டால் கொடுப்பார் என்று நம்பாமல், நாமே போய் எடுத்துக்கொள்கிறோம். நியாயமான தேவை எல்லையைத் தாண்டுவதற்கு அனுமதிச் சீட்டு அல்ல. அது அவருடைய சமுகத்திற்குப் போவதற்கான அழைப்பு.

பிரியமானவர்களே, நம் ஆண்டவரும் கீதரோனைக் கடந்தார் (யோவான் 18:1). சீமேயி தன் இழப்பைத் தாங்கமாட்டாமல் எல்லையை மீறினான். இயேசுவோ யாவையும் இழக்கும்படி, பிதாவின் சித்தத்திற்குள் நின்றே அந்த ஆற்றைக் கடந்தார். தோட்டத்தில் அவர் முதலாவது செய்தது என்ன? முழங்காற்படியிட்டுப் பிதாவினிடத்தில் கேட்டார். கேட்டபடி அந்தப் பாத்திரம் நீங்கவில்லை, ஆயினும் கீழ்ப்படிந்தார். மீறின நமக்கு இன்று மன்னிப்பு உண்டென்றால், அது அவருடைய கீழ்ப்படிதலினாலேயே.

இந்த வாரம் உங்கள் கழுதைக்குச் சேணம் வைக்கப்பட்டிருக்கிறதோ? புறப்படுமுன் ராஜாவினிடத்தில் போங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, நீர் வகுத்த எல்லைக்குள் இளைப்பாறவும், என் தேவைகளை உம்மிடத்தில் கேட்கவும் எனக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.