சின்ன விமானத்துக்கு ஒரு திடல்

சுங்கை பூலோக்காரர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. வடமேற்கிலிருந்து சுபாங் விமான நிலையத்தில் இறங்க வரும் விமானங்கள் நம் பக்கத்து வானத்தைத்தான் பிடித்து வரும். ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் ஏடிஆர் விமானம் ஒரே சீராக இரைந்துகொண்டு போகும். கொஞ்ச நேரம் கழித்து ஒற்றை விசிறியோடு ஒரு சின்ன விமானம் காற்றில் அசைந்து அசைந்து வரும். அதை அண்ணாந்து பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் பறக்கும் கழகத்தில் சேர்ந்து பழகினான். அவன் புறப்படுவதற்கு முன் செய்யும் சோதனையை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். செஸ்னா 172, நாலு இருக்கை. இறக்கைக்கு அடியில் ஒரு சின்ன அடைப்பானை அழுத்தி, கண்ணாடிக் குழலில் கொஞ்சம் எரிபொருளை இறக்கினான். வெளிர்நீல நிறம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்த்தான். நம் ஊர் ஈரக்காற்றில் இரவோடு இரவாகத் தொட்டிக்குள் நீர் கோத்துக்கொள்ளும். அது இயந்திரத்துக்குப் போனால் நடுவானில் மூச்சு நின்றுவிடும். விரலால் விசிறியின் ஓரத்தைத் தடவி வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்தான். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது என்று வியந்துபோனேன்.

ஆனால் அந்த விமானத்துக்கு ஏற்ற இடம் சுபாங் அல்ல. அது தரையைத் தொட்டபின் முந்நூறு மீட்டருக்குள் நின்றுவிடும். சுபாங் ஓடுபாதையோ 3,780 மீட்டர். 1965இல் நாட்டின் பெரிய வாசலாகத் திறந்தது. இடத்துக்குப் பஞ்சமில்லை, பெரிய விமானத்தின் பின்னால் சுழலும் காற்றுதான் சிக்கல். அதில் மாட்டினால் சின்னது கவிழ்ந்துவிடும். எனவே பெரியது போனபின் அது இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். உரிமத்துக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் பறந்தாக வேண்டும், ஒவ்வொரு மணிக்கும் வெள்ளி கட்ட வேண்டும். இயந்திரம் ஓட ஓட வரிசையில் நிற்கையில் கரைவது பெற்றோர் காசு. 2024இல் ஜெட் பயணிகள் சேவை சுபாங்குக்குத் திரும்பியபின் இந்த நெருக்கடி கூடத்தான் செய்யும்.

முன்பு சுங்கை பீசி இருந்தது. சுபாங் வருமுன் கோலாலம்பூரின் விமான நிலையம் அதுதான். பிறகு ஆகாயப் படைக்கும் அரச சிலாங்கூர் பறக்கும் கழகத்துக்கும் இடம் கொடுத்தது. 2018இல் ஆகாயப் படை காலி செய்தது. ஏறக்குறைய 486 ஏக்கர் நிலம் பண்டார் மலேசியா திட்டத்துக்கு என்று ஆயிற்று. நகரத்துக்குள் அவ்வளவு நிலம் என்றால் வீடு கட்டத்தான் நினைப்பார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போனதற்கு மாற்றாக ஒன்று வரவில்லையே என்பது என் ஆதங்கம்.

அரசாங்கம்தான் கட்டவேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் பொதுமக்கள் விமானம் இறங்கக்கூடிய நிலையங்கள் ஏறத்தாழ 5,000. அவற்றில் பல தனி ஆட்களுக்கோ குடும்பங்களுக்கோ சொந்தமானவை. ஒரு ஓடுபாதை, காற்றுப்பை, எண்ணெய்க் குழாய், கொட்டகை, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் இறங்கலாம். தமிழ்நாட்டிலும் ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் தனேஜா விமான நிறுவனம் சொந்த ஓடுபாதை வைத்திருக்கிறது. சிறு விமானங்களை அங்கேயே கட்டியும் பார்த்தது. நம் நாட்டிலேயே தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராத்தா தோட்டத்துக்குச் சொந்த ஓடுபாதை உண்டு. 1906இல் டென்மார்க்காரர் தொடங்கிய தோட்டம். நம் ஆட்கள் உழைத்த மண், தமிழ்ப்பள்ளிகள் உள்ள மண். ஆனால் அந்தப் பாதை தோட்ட நிர்வாகத்துக்கானது, ஊருக்கானது அல்ல.

எங்கே பறப்பது என்று பேசும்போது நம் பக்கத்து எல்மினாவைச் சொல்லாமல் விட முடியாது. 1977 செப்டம்பர் 27 அன்று சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதி 34 பேர் இறந்தார்கள். அப்போது அங்கே பால்மரம். 2023 ஆகஸ்ட் 17 அன்று லங்காவியிலிருந்து வந்த சிறு ஜெட் அதே எல்மினாவில் விழுந்தபோது அங்கே நெடுஞ்சாலை, குடியிருப்பு. விமானத்தில் இருந்த எட்டுப் பேரோடு சாலையில் போன இருவரும் மாண்டார்கள். இறங்குமுன் இறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கும் தகடுகள் தவறுதலாகத் திறக்கப்பட்டதாக விசாரணை கண்டறிந்தது. தவறு விமானி அறையில் நடந்ததுதான். ஆனால் பயிற்சி விமானங்களாவது வீடுகளின் தலைக்கு மேல் சுற்றாமல், வயலும் செம்பனையும் உள்ள பக்கம் சுற்றட்டுமே.

கோலசிலாங்கூர்ப் பக்கம் இன்னும் செம்பனை இருக்கிறது. எண்ணூறு மீட்டர் சமதரை போதும். நிலத்தை வீடமைப்புக்கு விற்றால் கிடைக்கும் பணம் இதில் கிடைக்காது. அது நில உரிமையாளருக்கும் தெரியும். எனவே மாநில அரசு நிலவரியில் சலுகை தரலாம், பறக்கும் கழகங்கள் சேர்ந்து நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கலாம். வேலி மட்டும் உயரமாக வேண்டாம். சனிக்கிழமை காலையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வந்து, அந்தப் பையன் குழலைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும்.