நுரைக்கும் முந்திரி

ஏப்ரல் மாதத்தில் கோவாவின் சத்தரி வட்டத்துக்குள் நுழைந்தால் ஃபெனி காய்ச்சும் இடத்துக்கு வழி கேட்க வேண்டியதில்லை. புளித்த பழவாசனை இழுத்துக்கொண்டு போய்விடும். வால்பாய் ஊரைத் தாண்டிய மலைச்சரிவில், முந்திரித் தோப்பு நடுவே ஒரு கீற்றுக் கொட்டகை. கீழே பாக்குத் தோட்டம், மாட்டுக் கொட்டில். மழைக்காலத்தில் இந்தக் குடும்பத்துக்கு நெல்லும் காய்கறியும்தான் பிழைப்பு. மார்ச் முதல் மே வரை மட்டும் அடுப்பு எரிகிறது.

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் முந்திரி. தென்னங்கள்ளைக் காய்ச்சிப் பழகிய கோவாக்காரர்கள், அதே கைப்பழக்கத்தில் இதன் பழத்தையும் வடித்தார்கள் என்பார்கள்.

இங்கே யாரும் பழத்தைப் பறிப்பதில்லை. கனிந்து தானாக விழுந்ததைத்தான் பொறுக்குகிறார்கள். விடிவதற்குள் வீட்டுப் பெண்கள் கூடையுடன் கிளம்பிவிடுகிறார்கள். கொட்டையைத் திருகி எடுத்தபின், பழத்தைக் கல் தொட்டியில் போட்டுக் காலால் மிதிக்கிறார்கள். சக்கையைக் குவித்து, கொடியால் சுற்றிக் கட்டி, மேலே பாறாங்கல்லை ஏற்றினால் சொட்டுவது 'நீரோ'. இனிக்கும், போதை தராது, தொண்டையை லேசாகப் பிடிக்கும். மிதித்த சாறு மூன்று நாளில் தானே நொதிக்கிறது. ஈஸ்ட், சர்க்கரை எதுவும் சேர்ப்பதில்லை.

பிறகு செப்புப் பானை, விறகடுப்பு. முதல் வடிப்பு 'உராக்'. ஆல்கஹால் சுமார் 15 சதவீதம். பருவத்தோடு அதுவும் தீர்ந்துவிடும். உராக்குடன் நொதித்த சாற்றைச் சேர்த்து மறுபடி வடித்தால் ஃபெனி, 40 சதவீதத்துக்கு மேல். குடும்பப் பெரியவர் குவளையில் உயரத்திலிருந்து ஊற்றி, எழும் குமிழிகளை வைத்தே வீரியத்தைச் சொல்லிவிடுகிறார். பெயரும் அதிலிருந்துதான் வந்தது என்கிறார்கள்: கொங்கணியில் நுரைக்கு 'ஃபேண்'. தமிழ் அகராதியில் நுரையைக் குறிக்கும் 'பேனம்' இதற்கு உறவுச்சொல்.

2009-இல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-இல் கோவா அரசு அதை நாட்டுச் சாராயப் பட்டியலிலிருந்து பிரித்து, பாரம்பரிய பானமாக அறிவித்தது. கௌரவம் வந்துவிட்டது. கொட்டகையில் கணக்கு வேறு. காய்ச்சும் உரிமைக்காக முந்திரிப் பகுதிகளைக் கலால் துறை ஏலம் விடுகிறது. அந்தச் செலவு முன்னாலேயே வந்து நிற்கிறது. பூக்கும் சமயத்தில் மேகமூட்டமோ மழையோ வந்தால் விளைச்சல் படுத்துவிடும். மலிவான சாராயத்தில் வாசனை கலந்து ஃபெனி என்று விற்பவர்களோடும் போட்டியிட வேண்டும்.

பண்ருட்டிப் பக்கம் கொட்டையை எடுத்தபின் பெரும்பாலும் வீணாகும் பழம், இங்கே ஒரு வீட்டின் மூன்று மாத வருமானம். ஆனால் பொறுக்கக் கூலியாட்கள் கிடைப்பதில்லை. பணஜியில் வேலை பார்க்கும் மூத்த மகன் ஏப்ரலில் விடுப்பு எடுத்து வந்து தொட்டியில் இறங்குகிறார். இளையவருக்கு இதில் நாட்டமில்லை. குமிழியைப் பார்த்து வீரியம் சொல்லும் கண் மூத்தவருக்கு இன்னும் பழகவில்லை என்பதுதான் பெரியவரின் கவலை. அதனால் ஒவ்வொரு வடிப்பின்போதும் குவளையை முதலில் மகனிடம் நீட்டுகிறார்.