தோள்வலியும் ஒரு காற்றுப்பட்டையும்

திக்லிபூருக்கு மாற்றலாகி வந்த மூன்றாவது வருஷம் வலது தோளில் வலி பிடித்துக்கொண்டது. சட்டை மாட்டினால் சுரீர், லாக்கர் கதவை இழுத்தால் சுரீர்! லீவில் சென்னை போனபோது ஸ்கேன் பார்த்த டாக்டர், ஜவ்வு கிழியவில்லை, தோளைப் பிடித்து நிறுத்தும் தசைகள்தான் பலவீனம் என்றார். பலம் வர எடை தூக்கணும். தூக்கினால் வலிக்கிறது. இதென்னடா வம்பு?

அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் வழி காட்டினார். பி.பி. பார்ப்பது மாதிரி ஒரு பட்டையை மேல்கையில் கட்டிக் காற்றேற்றினார். கையில் ஒரு கிலோ டம்பெல். முதலில் 30 தடவை, அப்புறம் 15, 15, 15. நடுநடுவே அரை நிமிஷம் ஓய்வு. மூன்றாவது சுற்றிலேயே அரிசி மூட்டை சுமந்த மாதிரி கை கடுத்தது. ஆனால் தோள் வலிக்கவில்லை!

காமர்ஸ்காரன் பாஷையில் சொன்னால், குறைந்த முதல், நல்ல வரவு. பட்டை, கைக்கு வரும் ரத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது; திரும்பிப் போவதைத்தான் அதிகம் தடுக்கிறது. ஆக்சிஜன் குறைந்து தசை சீக்கிரம் களைக்க, பெரிய எடைக்கு மட்டும் எழுந்துவரும் நார்களும் வேலைக்கு வருகின்றன. அதனால் நம்மால் தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 20 முதல் 30 சதவீதமே போதும். ஜப்பானில் யோஷியாக்கி சாட்டோவுக்கு 1966-ல், ஒரு சடங்கில் வெகுநேரம் மண்டியிட்டுக் கால் மரத்தபோது தோன்றிய யோசனையாம் இது. 'காட்சு' என்று பெயர் வைத்தார்.

"பட்டை கையில, வலி தோள்ல. எப்படிங்க?" என்று கேட்டேன். பட்டைக்கு மேலே உள்ள தசைகளும் பலம் பெற்றதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, கூடுதல் பலன் இல்லை என்று சொல்பவையும் உண்டு என்றார். ஒளிக்காமல் சொன்னது பிடித்திருந்தது.

திக்லிபூர் திரும்பியதும் வீட்டம்மா, "சைக்கிள் ட்யூபைக் கட்டிக்கிட்டுச் செய்யுங்களேன், இதுக்குப் போய் போர்ட் பிளேர் அலையணுமா?" என்றாள். நியாயம்தான். 2024-ல் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்ட அந்த ஊருக்கு பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ஆனாலும் மறுத்துவிட்டேன். கைக்குப் போகும் ரத்தத்தை அடியோடு நிறுத்தும் அழுத்தம் எவ்வளவு என்று அளந்து, அதில் 40 முதல் 80 சதவீதம்தான் ஏற்றுவார்கள். அது ஆளுக்கு ஆள் மாறும். ட்யூபுக்கு ஏது அளவு? நரம்பு நசுங்கினால் யார் பொறுப்பு? இப்போதைக்கு அவர் கொடுத்த ரப்பர் பேண்டை வைத்துப் பட்டையில்லாத பயிற்சி மட்டும் தினமும் செய்கிறேன். அடுத்த லீவில் மறுபடி பட்டை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பட்டை ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கிறது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கி அனுப்புமுன் விசாரியுங்கள்: பி.பி. கட்டுக்குள் இருக்கிறதா? எப்போதாவது ரத்தம் உறைந்து கட்டியதுண்டா? இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. பாசத்தோடு அனுப்பினாலும் பட்டை பட்டைதான்!