ஒரே ஸஹனில் அமர்த்தும் சமையல் நூல்



உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அந்த வீட்டுச் சமையல் நூலின் மதிப்பைச் சுவையை மட்டும் கொண்டு அளக்க முடியாது. அதிலுள்ள ஒரு சொல் தெளிவின்றி இருந்தாலும் அது பிள்ளையின் மூச்சுத் திணறலில் போய் முடியலாம். எங்கள் இரண்டாவது மகளுக்கு முட்டையும் முந்திரியும் ஒத்துக்கொள்வதில்லை என்பதை மருத்துவர் உறுதி செய்த நாள்தொட்டு நாங்கள் பல சமையல் நூல்களைப் புரட்டியிருக்கிறோம்; சிலவற்றை வாங்கினோம்; பலவற்றைக் கடை அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தோம். எந்த நூலை எடுப்பது, எதை விடுப்பது என்று இதே நிலையிலுள்ள குடும்பங்கள் எங்களிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்லி வருவதை இங்கே எழுதுகிறோம்.

விலக்குவதும் மாற்று அளிப்பதும்

உண்ணுவதைப் பற்றிப் பேசும்போது திருக்குர்ஆன் ஹலால் என்பதோடு தய்யிப் என்பதையும் சேர்த்தே பல இடங்களில் சொல்கிறது. அனுமதிக்கப்பட்டதாக இருப்பது ஒன்று. உண்பவருக்கு நல்லதாக இருப்பது மற்றொன்று. முந்திரி எல்லோருக்கும் ஹலால். எங்கள் மகளின் உடலுக்கு மட்டும் அது நல்லதன்று.

உம்முல் முன்திர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது. அவர்களது வீட்டில் பேரீச்சங்குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நபி (ஸல்) அவர்கள் அதிலிருந்து உண்ணத் தொடங்கினார்கள். அப்போதுதான் நோயிலிருந்து தேறி வந்துகொண்டிருந்த அலீ (ரலி) அவர்களும் உண்ண முற்பட்டபோது, உடல் இன்னும் தேறவில்லை என்று கூறி அவர்களை நபியவர்கள் தடுத்துவிட்டார்கள். பின்னர் அந்த அம்மையார் வாற்கோதுமையும் கீரையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். இதிலிருந்து உண்ணுங்கள், உங்களுக்கு இதுவே ஏற்றது என்று அலீ (ரலி) அவர்களிடம் நபியவர்கள் சொன்னார்கள்.

பேரீச்சம்பழம் ஹலால்; அதை நபியவர்களே உண்டுகொண்டிருந்தார்கள். எனினும் ஒருவரின் உடல்நிலையைக் கருதி அவரைத் தடுத்தார்கள். தடுத்ததோடு அவரைப் பட்டினியாக எழுப்பி அனுப்பிவிடவுமில்லை. அதே அமர்வில் வேறொரு உணவு அவர் முன் வைக்கப்பட்டது. சமையல் நூலை எடைபோடும்போது நாங்கள் கைக்கொள்ளும் அளவுகோல் இதுதான். ஆகாததை விலக்கச் சொல்வதோடு, அதே விரிப்பில் அமர்ந்து உண்ணத்தக்க மாற்றையும் அந்த நூல் காட்டுகிறதா?

‘பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு வாய் கொடுங்கள், ஒன்றும் செய்யாது’ என்று அன்பு மிகுதியால் சொல்லும் பெரியவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அவர்களுடைய ஈமானில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். ஒவ்வாமை கடுமையானால் சில நிமிடங்களிலேயே தொண்டை வீங்கி, இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும். அந்நேரத்தில் உடனடித் தேவை அட்ரினலின் ஊசி. அந்த நிலை வராமல் காப்பதே நாம் கட்டவேண்டிய கயிறு.

அட்டையை மட்டும் நம்பலாகாது

முட்டை சேர்க்காத நூல்கள் நம் நாட்டில் ஏராளம். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்தது. முழுக்கச் சைவ நூலாதலால் முட்டைக்கு அதில் இடமில்லை. ஆனால் அம்மரபில் நெய்யும் பாலும் முந்திரியும் தாராளம். முட்டை மட்டும் ஆகாத வீட்டிற்கு அத்தகைய நூல்கள் பெருந்துணை. பாலும் முந்திரியும் ஆகாத வீட்டிற்கு அவற்றின் ஒவ்வொரு பக்கத்தையும் சோதித்தாக வேண்டும். நெய்யில் பாலின் புரதம் சிறிதளவு தங்கியிருக்கும் என்பதால், பால் ஒவ்வாமைக்கு அதைப் பாதுகாப்பானதாகக் கொள்ள முடியாது. பால் செரிக்காமை வேறு, பால் ஒவ்வாமை வேறு. ‘லாக்டோஸ் இல்லாத பால்’ என்பது முன்னவர்க்கு உதவும், பின்னவர்க்கு ஆபத்து. இந்த வேறுபாட்டை முன்னுரையில்கூடச் சொல்லாத நூலை நாங்கள் வாங்குவதில்லை.

‘வீகன்’ நூல்களில் பால், முட்டை, இறைச்சி எதுவும் இரா. ஆனால் பாலேட்டுக்குப் பதிலாக அவற்றில் மிகுதியும் அரைத்து ஊற்றப்படுவது முந்திரியே. கோதுமை இல்லாச் சமையல் என்று வரும் நூல்களில் மைதாவின் இடத்தைப் பெரும்பாலும் பாதாம் மாவு பிடித்துக்கொள்கிறது. முட்டையும் கூடுதலாகச் சேரும். ஒன்றை விலக்குவதற்காக மற்றொன்றைக் கொண்டுவரும் நூல், அந்த மற்றொன்று ஆகாத பிள்ளைக்கு உதவாது.

இதற்கு மாறாக, சிபெல் பாஸ்கல் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2009-இல் வெளியிட்ட அடுமனைக் கையேட்டைச் சொல்லலாம். குளூட்டன், கோதுமை, பால், முட்டை, சோயா, வேர்க்கடலை, கொட்டைப் பருப்புகள், எள் ஆகிய எட்டையும் பெயர் சொல்லியே அது அட்டையில் விலக்குகிறது. இப்படிப் பெயர் சொல்லும் நூலே நம்பத்தக்கது. ஆயினும் அது கேக்கும் ரொட்டியும் பற்றிய நூல். நம் அன்றாடச் சோற்றுக்கும் ஆணத்துக்கும் அதில் வழி தேட முடியாது.

மேல்நாட்டு நூல்களில் நமக்கு இன்னொரு வடிகட்டியும் தேவை. முட்டை இல்லாமல் இனிப்பை உறைய வைக்க ஜெலட்டின் சேர்ப்பார்கள். சாற்றுக்கு ஒயின் ஊற்றுவார்கள். ஆகவே ஒவ்வாமைக்கு ஒருமுறை, ஹலாலுக்கு ஒருமுறை என இருமுறை படிக்கிறோம். கடைப் பொருளில் ஹலால் முத்திரை இருப்பது ஒவ்வாமைக்கான உத்தரவாதம் ஆகாது என்பதையும் வீட்டிலுள்ள எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆண்டும் நாடும்

நூல் வெளிவந்த ஆண்டைப் பார்க்காமல் நாங்கள் வாங்குவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000-இல், ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 2008-இல் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. 2015-இல் லண்டனிலிருந்து வெளியான லீப் ஆய்வோ, அத்தகைய குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே வேர்க்கடலையை அறிமுகம் செய்வது ஒவ்வாமையைப் பெருமளவு குறைப்பதாகக் காட்டியது. பழைய நூலின் ‘குழந்தை உணவு’ அத்தியாயம் இன்றைய மருத்துவத்துக்கு நேர்மாறாக இருக்கக்கூடும். அறிமுகம் செய்வதை எப்போது, எப்படி என்பது மருத்துவரிடம் கேட்க வேண்டியது. சமையல் நூலிடம் கேட்க வேண்டியதன்று.

அதேபோல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நெடுங்காலம் தேங்காயையும் மரக்கொட்டைகளின் வரிசையில் வைத்திருந்தது, 2025-இல்தான் நீக்கியது. அந்தப் பட்டியலையொட்டி எழுதப்பட்ட நூல் தேங்காயையும் விலக்கச் சொல்லும். தேங்காய்ப்பால் இல்லாமல் நம் வீடுகளில் எத்தனை நாள் அடுப்பு எரியும்? கொட்டைப் பருப்பு ஆகாதவர்களில் பெரும்பாலோர்க்குத் தேங்காய் ஒத்துக்கொள்கிறது. மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே நாங்கள் எங்கள் தேங்காயைத் தக்கவைத்துக்கொண்டோம்.

கடுகும் எள்ளும் மற்றொரு செய்தி. ஐரோப்பிய ஒன்றியம் அறிவிக்கச் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் இரண்டும் உண்டு. அமெரிக்காவில் எள் 2023 முதல் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. கடுகு அங்கே இல்லை. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு உணவுச் சிட்டை விதிமுறைகளின் பட்டியலில் இரண்டுமே இடம்பெறவில்லை. நாமோ கடுகு தாளித்து, நல்லெண்ணெய் ஊற்றி உண்பவர்கள். எந்த நாட்டுப் பட்டியலை வைத்து நூல் எழுதப்பட்டது என்பதை அறியாமல், அது குறிப்பிடாத பொருள் பாதுகாப்பானது என்று முடிவுகட்டக் கூடாது.

சொல்லில் ஒளிந்திருப்பவை

தமிழ்ச் சமையல் நூல்களில் நாங்கள் முதலில் தேடும் சொல் ‘கடலை’. கடலைமாவு என்றால் கடலைப்பருப்பின் மாவு. கடலையெண்ணெய் என்றால் வேர்க்கடலையின் எண்ணெய். பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, நிலக்கடலை எல்லாவற்றையும் வெறும் ‘கடலை’ என்று எழுதுவோரும் உண்டு. இலங்கையில் வேர்க்கடலையைக் கச்சான் என்பர்; அங்கே கடலை என்றால் கொண்டைக்கடலை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய்க்கு இது வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது. ‘எண்ணெய் தேவையான அளவு’ என்று எழுதி நகர்ந்துவிடும் நூலும் அப்படித்தான். நன்கு சுத்திகரித்த எண்ணெயில் புரதம் மிகமிகக் குறைவு; செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது தங்கியிருக்கும். எந்த எண்ணெய் என்று சொல்லாத நூல் பாதியே எழுதப்பட்ட நூல்.

பருப்பு என்ற சொல்லும் துவரம்பருப்பு முதல் பாதாம்பருப்பு வரை அனைத்தையும் அணைத்துக்கொள்ளும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். ரவையும் சேமியாவும் மைதாவும் பெரும்பாலும் கோதுமையே. முந்திரி ஆகாதவர்கள் பலருக்குப் பிஸ்தாவும் ஆகாது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். இவற்றை விளக்கி ஒரு பக்கமாவது எழுதியிருக்கும் நூல், நூறு வண்ணப்படங்கள் கொண்ட நூலைவிட மேலானது.

மாற்றுப் பொருளின் வேலை

முட்டைக்குப் பதில் இதைச் சேருங்கள் என்று எழுதுவது எளிது. அந்த உணவில் முட்டை என்ன வேலை செய்கிறது என்று சொல்வதே அறிவு. கோலா உருண்டையில் அது பிடித்து நிறுத்துகிறது; அந்த வேலையைப் பொட்டுக்கடலை மாவு செய்துவிடும். சாதாரணக் கேக்கில் ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று கரண்டி நீரில் ஊறவைத்துச் சேர்க்கலாம். வட்டலப்பத்திலோ முட்டைதான் உடலே. ஆளிவிதை அங்கே எடுபடாது. தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் கடல்பாசியில் உறையவைத்தால் நல்லதோர் இனிப்புக் கிடைக்கும். அதற்கு வட்டலப்பம் என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை. ‘இது முடியும், இது முடியாது’ என்று நேர்மையாகச் சொல்லும் ஆசிரியரை நாங்கள் நம்புகிறோம்.

குருமாவில் முந்திரியின் வேலை கெட்டித்தன்மை தருவது. தேங்காயும் பொட்டுக்கடலையும் சேர்த்து அரைத்தால் அது நிறைவேறும். எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் அந்தக் குருமாதான்.

ஸஹனைச் சுற்றி

‘எல்லோருக்கும்’ என்ற அந்தச் சொல்லில்தான் இந்தக் கட்டுரையின் கருத்து அடங்கியிருக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் பிற ஊர்களிலும் விருந்தென்றால் ஒரு ஸஹனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்பது மரபு. சேர்ந்து உண்பதில் பரக்கத் இருப்பதாக ஹதீஸ் நமக்குக் கற்பிக்கிறது. ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஸஹனில் பாதி பாதுகாப்பு என்பது கிடையாது. பக்கத்துக் கையில் ஒட்டிய முந்திரித் துணுக்கு போதும். ஒன்று, ஸஹன் முழுவதும் அவளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லையேல் அவள் தனித் தட்டோடு ஓரமாக அமர வேண்டும். பெருநாளன்று ஓரமாக அமரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆகையால் ‘நோயாளி உணவு’ போன்ற சமையலைக் கற்பிக்கும் நூலைவிட, வீட்டார் அனைவரும் விரும்பி உண்ணும் சமையலைக் கற்பிக்கும் நூலையே தேர்ந்தெடுங்கள். வாங்கும் முன் நூலகத்திலோ நண்பரிடமோ இரவல் பெற்று, அதில் வாரம் மும்முறை சமைக்கத்தக்க பத்து உணவுகளாவது உண்டா என்று எண்ணிப்பாருங்கள். இல்லையென்றால் அது அலமாரிக்கே அழகு.

அச்சில் வராத நூல் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. நோன்புக் கஞ்சி, தக்கடி, இடியாப்பம், மீன் ஆணம், தேங்காய்ப்பால் சேர்த்த ஆணங்கள் எனப் பலவும் எங்கள் வீட்டுப் பக்குவத்தில் முட்டையும் முந்திரியும் இல்லாதவை. மாமியிடமும் உம்மம்மாவிடமும் அமர்ந்து, அவர்கள் ‘ஒரு பிடி’ என்று சொல்வதை அளந்து, எந்த எண்ணெய், எந்தக் கடலை என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். விருந்துக்கு அழைக்கும் உறவினர்களுக்கு அதன் ஒரு பக்கத்தைப் படியெடுத்துக் கொடுக்கிறோம். ‘என்ன சமைப்பது’ என்று தயங்கியவர்கள் இப்போது தயங்குவதில்லை. ஒரு பக்குவத்தைக் கற்பித்த பெருமையில், ஒவ்வாமையைக் குறித்துக் கேலி பேசிய பெரியவர்களும் அந்தப் பிள்ளைக்குக் காவலாகிவிடுகிறார்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பூரண ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. அவர்களை ஒதுக்கி வைக்காத விருந்துகளை நம் வீடுகளில் பெருக்குவானாக. ஆமீன்.